முதுமையென்று கருதப்படும் நோய்: பூனைகளின் மூளையுறைக் கட்டியும் எம்.ஆர்.ஐ. படிமமும்

பத்து வயதைக் கடந்த பூனை மந்தமாகிறது. உணவில் நாட்டம் குறைகிறது. சில வேளைகளில் ஒரே பக்கமாகச் சுற்றி வருகிறது. வீட்டார் இதனை மூப்பின் இயல்பென்றே கொள்வர். ஆனால் இத்தகைய பூனைகள் சிலவற்றின் மூளையை அகற்றத்தக்க கட்டியொன்று அழுத்திக்கொண்டிருக்கும்.

பூனைகளின் மண்டையோட்டினுள் தோன்றும் கட்டிகளுள் மெனிஞ்சியோமா எனப்படும் மூளையுறைக் கட்டியே மிகுதி. மண்டையோட்டுக் கட்டியுள்ள 160 பூனைகளை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வில் அதன் பங்கு ஏறத்தாழ 58 விழுக்காடு. அந்த 160இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பூனையிடம் நரம்பு நோய்க்கே உரிய அறிகுறி எதுவும் காணப்படவில்லை. உடற்சோதனையை மட்டும் நம்புவதன் இடர் இதனால் விளங்கும்.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் மூளைத்திசு புலப்படாது; கட்டியை ஒட்டிய எலும்பு தடித்திருந்தால் அது தெரியலாம். சி.டி. விரைவானது, எலும்பின் தடிப்பையும் கட்டியிலுள்ள சுண்ணாம்புப் படிவையும் நன்கு காட்டும். எனினும் சிறுமூளைப் பகுதியில் அடர்ந்த எலும்புகள் படிமத்தைக் குலைக்கின்றன. ஏறத்தாழ 30 கிராம் எடையே உள்ள பூனை மூளையில் நுண்வேறுபாடுகளைப் பிரித்தறிய எம்.ஆர்.ஐ. படிமமே தக்கது. காடோலினியம் கலந்த மருந்தைச் சிரைவழிச் செலுத்தியபின், மூளையுறையை அகன்ற அடியுடன் பற்றி, மூளையை உள்நோக்கித் தள்ளும் கட்டி பெரும்பாலும் சீராக ஒளிர்ந்து தோன்றும். எஃப்.ஐ.பி. எனும் நச்சுயிரி நோயிலோ மூளை அறைகள் விரிந்து, அவற்றின் உட்சுவர் ஒளிர்வதைக் காணலாம். ஆயினும் நிணநீர்த் திசுக்கட்டி சில வேளைகளில் மெனிஞ்சியோமாவைப் போலவே தோன்றும். இறுதி முடிவு திசுச் சோதனைக்கே உரியது.

சோதனைகளின் வரிசையும் இங்கு முதன்மையானது. மண்டையினுள் அழுத்தம் மிகுந்த நிலையில் தண்டுவட நீரை எடுத்தால் மூளைப்பகுதி கீழிறங்கி உயிருக்கு இடர் நேரலாம். ஆகவே படிமம் முதலில் எடுக்கப்பட வேண்டும். அசையாதிருக்கப் பூனைக்குப் பொது மயக்கம் தேவை. அப்போது மூச்சுக் குறைந்து இரத்தத்தில் கரியமில வாயு மிகுந்தால் மண்டையழுத்தமும் உயரும் என்பதால், மயக்க மருத்துவரின் பணி படிம வாசிப்புக்கு நிகரானது.

பூனையின் மெனிஞ்சியோமா பெரும்பாலும் தெளிந்த எல்லையுடையது. மூளையின் மேற்பரப்பில் அமைந்தால் முழுமையாக எடுக்க இயலும். அறுவைக்குப்பின் இரண்டாண்டும் அதற்கு மேலும் வாழ்ந்த பூனைகள் பல. ஒரே பூனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருப்பதும் அரிதன்று. ஒன்றைக் கண்டதும் வாசிப்பை நிறுத்திவிடும் மருத்துவர், மற்றொன்றை உள்ளேயே விட்டுவிட நேரும்.