இழைப்புளிக்கு வயது என்ன?

மரப்பலகையின் மேல் தச்சர் ஒரு கருவியை வைத்துத் தள்ளுவாரே, பார்த்திருக்கிறீர்களா? 'சர்... சர்...' என்று சுருள் சுருளாகச் சீவல் வந்து விழும். பலகை வழவழவென்று ஆகிவிடும். அந்தக் கருவிதான் இழைப்புளி!

அமெரிக்காவில் பழைய இழைப்புளிகளைத் தேடிப் பிடித்துச் சேகரிப்பவர்கள் பலர் உண்டு. அவற்றில் சில, ஆயிரம் டாலருக்கு மேல் விலை போகும். சிலவற்றை மலிவாகவே வாங்கி விடலாம். ஏன் இந்த வித்தியாசம்?

முன்பெல்லாம் அமெரிக்கத் தச்சர்கள் பெரும்பாலும் மரத்தாலான இழைப்புளியையே பயன்படுத்தினர். அதன் பிளேடை ஏற்றி இறக்க, சுத்தியலால் தட்ட வேண்டும். லியோனார்டு பெய்லி என்பவர், திருகைச் சுழற்றினாலே பிளேடு ஏறி இறங்கும்படி இரும்பு இழைப்புளியை உருவாக்கினார். அவரது காப்புரிமைகளை 1869ம் ஆண்டு ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. சிறியதிலிருந்து பெரியது வரை 1, 2, 3 என்று எண் கொடுத்து விற்றது. எண் 1-ன் நீளம் ஐந்தரை அங்குலம். எண் 8-ன் நீளம் 24 அங்குலம்!

இவற்றின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? துப்பறியும் வேலைதான்!

* பிளேடுக்குப் பின்னால், உடல் பாகத்தில் 'ஏப்ரல் 19, 1910' என்ற காப்புரிமைத் தேதி இருக்கிறதா? அது செய்யப்பட்ட நாள் அல்ல. ஆனால், 1910க்கு முன் செய்ததில்லை என்பது உறுதி.

* பிளேடை அழுத்திப் பிடிக்கும் மூடியில் உள்ள துளை, சாவித் துவாரம் போல் இருந்தால் பழையது. அவரை விதை போல் வளைந்திருந்தால், 1933 அல்லது அதற்குப் பிந்தையது.

* திருகு பித்தளையில் இல்லையா? இரண்டாம் உலகப் போரின்போது பித்தளைக்குத் தட்டுப்பாடு. அப்போது இரும்பு, கெட்டி ரப்பர் ஆகியவற்றில் திருகு செய்தனர்.

* பிளேடில் இதய வடிவ முத்திரை இருந்தால், அது 1920களிலோ, 1930களின் முற்பகுதியிலோ வந்த பிளேடு.

ஒரே ஒரு தடயத்தை மட்டும் நம்பக் கூடாது. பிளேடு தேய்ந்தால் வேறு மாற்றியிருப்பார்களே! எல்லாப் பாகங்களும் ஒரே காலத்தைச் சொன்னால்தான் மதிப்பு அதிகம்.

பழசு என்பதால் மட்டும் விலை கூடிவிடாது. 9 அங்குல நீளமுள்ள எண் 4, ஏராளமாக விற்பனையானது. அதனால் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. எண் 1 அபூர்வம் என்பதால் விலை அதிகம். அதனாலேயே போலிகளும் உண்டு. வாங்குபவர்கள் ஏமாந்து விடுகிறார்கள். பிளேடை இடவலமாக நகர்த்தும் நெம்புகோல், எண் 1-ல் எப்போதுமே இருந்ததில்லை. அது இருந்தால் சந்தேகம்தான்!

அடிப்பாகத்தில் விரிசல் இருந்தால் மதிப்பு இறங்கும். பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாளால் தேய்த்தாலும் அதே கதிதான். எழுத்தும், பழைய வண்ணமும் அழிந்து விடுமே!

வீட்டுப் பரணில் பழைய கருவி எதையாவது பார்த்தால், எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். கூர்மையான பிளேடு கையைக் கிழித்துவிடும் என்பதால், பெரியவர்களை எடுத்துத் தரச் சொல்லி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள்!