ரத்தம் எடுத்தவர்களும் ரிப்போர்ட் கொடுத்தவர்களும்: நீலகிரியில் ஒரு நோயின் கதை

1952-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ். தென்னிந்தியாவில் அரிவாள் செல் மரபுக்கூறு இருக்கிறது என்பதுதான் அதில் இருந்த சேதி. ரத்தம் எடுத்தது நம்ம நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அதே வருஷம் டன்லப், மஜும்தார் என்ற இருவர் மேல் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் இதே கூற்றைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோயின் முதல் பதிவுகள் இவைதான். ஒன்று தேயிலை மலை, இன்னொன்று தேயிலைத் தோட்டம். தற்செயல்தான், ஆனாலும் மனசில் நின்றுவிட்டது.

லேமனுக்கு இருந்த கேள்வி பெரும்பாலும் மானுடவியல் கேள்வி. ஆப்பிரிக்காவில் காணப்படும் ஒரு ஜீன் தென்னிந்திய மலையில் எப்படி வந்தது? யார் எங்கிருந்து எங்கே போனார்கள்? நல்ல கேள்விதான், நானும் இதையெல்லாம் ஆசையாகப் படிக்கிற ஆள்தான். ஆனால் கை நீட்டி ரத்தம் கொடுத்த ஆளுக்கு இருந்த கேள்வி வேறு: எனக்கு ஏன் எலும்புக்குள்ள இப்படி வலிக்குது? என் பிள்ளைக்கு ஏன் அடிக்கடி கண்ணு மஞ்சளாகுது?

இந்த இரண்டு கேள்விகளும் ஒரே மேசைக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆச்சு, எந்த மாதிரி அமைப்புகள் அதைச் செய்தன என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் நோயைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹீமோகுளோபினை உண்டாக்கும் ஒரு ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு வட்ட வடிவத்தை விட்டு அரிவாள் மாதிரி வளைந்துகொள்கிறது. வளைந்த அணுக்கள் சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். அதுதான் அந்த வலி. அணுக்கள் சீக்கிரம் உடைவதால் சோகை, மஞ்சள் கண். மாறிய ஜீன் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்திருந்தால் அவர் கேரியர். சாதாரணமாக எந்தத் தொந்தரவும் இருக்காது, போதாக்குறைக்கு மலேரியாவிலிருந்து கொஞ்சம் பாதுகாப்பும் கிடைக்கும். மலேரியா இருந்த காட்டுப் பகுதிகளில் இந்த ஜீன் நிலைத்ததற்குக் காரணமே அதுதான். அப்பா, அம்மா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் நோய்.

இருவரும் கேரியர் என்றால் "நாலு பிள்ளைல ஒண்ணுக்கு வரும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பித்தது என்று அர்த்தம் கிடையாது. ரேண்டம் நம்பருக்கு ஞாபகசக்தி இல்லை என்று எங்கள் தொழிலில் சொல்வோம், அதே கதை.

குளிர், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, கடுமையான உடல் உழைப்பு: வலி கிளம்ப இவையே போதும். இப்போது கூடலூரை நினைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும் ஊர். மழையில் நனைந்துகொண்டு தேயிலை பறிக்கிற கூலி வேலை.

கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என்று ஐந்து பழங்குடிகள். ஏறத்தாழ 20,000 பேர். 1980-களின் நடுவில் ஸ்டான் தெக்கேகராவும் மாரி மார்செல் தெக்கேகராவும் அங்கே 'அக்கார்டு' அமைப்பைத் தொடங்கினார்கள். அது நில உரிமைக்கான வேலை. ஊர் ஊராகச் சங்கங்கள் கூடி ஆதிவாசி முன்னேற்ற சங்கம் ஆனது. 1988 டிசம்பர் 5-ஆம் தேதி கூடலூரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் ஊர்வலம் போனார்கள். சுகாதார வேலை இதற்கு நடுவில்தான் முளைத்தது. என். தேவதாசன், ரூபா தேவதாசன் என்ற இளம் டாக்டர் தம்பதி 1987-ல் வந்தார்கள். வந்ததும் ஆஸ்பத்திரி கட்டவில்லை. ஊரில் இருக்கிற ஆட்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். 1990-ல்தான் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை. ஷைலா, நந்தகுமார் மேனன் என்ற இன்னொரு டாக்டர் தம்பதியும் வந்து சேர, 'அஸ்வினி' என்ற அமைப்பு அதை நடத்த ஆரம்பித்தது. நர்சுகளும் அதே ஊர்ப் பெண்கள்தான்.

லண்டனில் அந்தக் கட்டுரை அச்சாகி இதற்குள் 38 வருஷம் ஓடிவிட்டது.

ஆஸ்பத்திரி இருந்தால் மட்டும் போதுமா? காசு? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. 1992-ல் ஒரு சமூக மருத்துவக் காப்பீட்டை ஆரம்பித்தார்கள். சங்க உறுப்பினர்களிடம் வருஷத்துக்கு ஒருமுறை சங்கமே சின்ன பிரீமியம் வசூலிக்கும். அக்கார்டு அதை மொத்தமாக ஒரு குழுக் காப்பீடாக எடுக்கும் (முதலில் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ், பிறகு ராயல் சுந்தரம்). ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பில்லை அஸ்வினி கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளும். நோயாளி முன்பணம் கட்ட வேண்டாம், பாரம் நிரப்ப வேண்டாம். அலைச்சல் பிடித்த வேலை எல்லாம் பின்னால் நடக்கும். சாஃப்ட்வேரில் நாங்கள் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்கிற பாடத்தை, அதாவது சிக்கலை யூசர் தலையில் கட்டாதே என்பதை, இவர்கள் கம்ப்யூட்டர் இல்லாமலே செய்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகம் எங்கே வருது என்று கேட்பீர்கள். இங்கேதான். தேவதாசன் பின்னாட்களில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் வெப்பமண்டல மருத்துவ நிறுவனத்தோடு சேர்ந்து இந்தக் காப்பீட்டையே ஆராய்ந்தார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையமும் கூட நின்றது. 2007-ல் வந்த ஒரு கட்டுரை, அக்கார்டு காப்பீட்டையும் குஜராத்தின் சேவா காப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அக்கார்டு உறுப்பினர்களில் 67 சதவீதம் பேர் கைக்காசு எதுவும் போடவில்லை. சேவாவில் இது 34 சதவீதம். குடும்பத்தையே சாய்த்துவிடும் அளவுக்கான செலவு இரண்டு இடத்திலுமே ஏறக்குறைய பாதியானது. 2010-ல் வந்த இன்னொரு கட்டுரையின்படி, காப்பீடு உள்ளவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்வது இல்லாதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். காப்பீட்டுக் கம்பெனி கண்ணுக்கு அது கவலை தரும் எண். முன்பு வீட்டிலேயே படுத்துக் கிடந்தவர்கள் இப்போது வருகிறார்கள் என்று படித்தால் அதே எண்தான் வெற்றி. நோயோடு இருப்பவர்கள்தான் முந்திக்கொண்டு சேர்கிறார்களோ என்ற சந்தேகமும் நியாயமானது. ஆனால் ஆளாளுக்குத் தனியாக விற்காமல் சங்கத்தின் வழியே சேர்ப்பதால், அந்தச் சாய்வு வழக்கத்தைவிடக் குறையத்தான் வேண்டும் என்பது என் கணிப்பு.

இங்கே வரிசையைக் கவனியுங்க. சங்கம் முதலில், ஆஸ்பத்திரி இரண்டாவது, காப்பீடு மூன்றாவது, பல்கலைக்கழகம் கடைசி. தேவதாசன் 2005-ல் பெங்களூரில் பொதுச் சுகாதார நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். அதாவது கூடலூர் அனுபவமே ஒரு ஆய்வு நிறுவனத்துக்கு விதை ஆனது. வழக்கமாக இது தலைகீழாகத்தான் நடக்கும்: கிராண்ட் வரும், அப்புறம் "சமூகம்" தேடுவார்கள்.

அமெரிக்காவிலும் இதே பிரச்சினையைத் தீர்க்கவே 1990-களில் தனி அமைப்புகள் முளைத்தன. 'கம்யூனிட்டி-கேம்பஸ் பார்ட்னர்ஷிப்ஸ் ஃபார் ஹெல்த்' ஒன்று. மிச்சிகன் பல்கலைக்கழகம் டெட்ராய்ட் நகர அமைப்புகளோடு 1995-ல் தொடங்கிய நகர ஆய்வு மையம் இன்னொன்று. 1998-ல் பார்பரா இஸ்ரேலும் சக ஆய்வாளர்களும் இந்தக் கூட்டுமுறைக்கான கொள்கைகளைத் தொகுத்து எழுதினார்கள். படித்தால் பாதி விஷயம் கூடலூரில் பேர் வைக்காமல் நடந்தது மாதிரி இருக்கும். இந்த முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனாவின் ஹவசுபாய் பழங்குடி சாட்சி. சர்க்கரை நோய் ஆய்வு என்று நம்பி 1990-களில் ரத்தம் கொடுத்தார்கள். அது மனநோய், இடப்பெயர்ச்சி வரலாறு என்று அவர்கள் சம்மதிக்காத ஆய்வுகளுக்கும் போனது. வழக்குப் போட்டு, 2010-ல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலரும் மீதி ரத்த மாதிரிகளும் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. 

நீலகிரியின் கிழக்குப் பக்கமும் சும்மா இல்லை. கோத்தகிரியில் டாக்டர் எஸ். நரசிம்மன் 1958-லேயே நீலகிரி ஆதிவாசி நலச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். அதே கோத்தகிரியில் 1993-ல் ஆரம்பித்த கீஸ்டோன் அமைப்பு, 2015 முதல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு களப் பயிற்சி மையம் நடத்தியது. அமெரிக்க மாணவர்கள் ஒரு செமஸ்டர் இங்கே வந்து, இந்த மலை இளைஞர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒன்றாகக் களத்துக்குப் போவார்கள். சமூக நலவாழ்வு, குழந்தை உணவு, கழிவுநீர் எல்லாம் ஆய்வுப் பொருள். நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். உள்ளூர் இளைஞர் மொழிபெயர்ப்பாளராக நிற்காமல் சக மாணவராக உட்காருவது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த செமஸ்டர் ஒரு பக்கம் பட்டத்தில் சேரும். இன்னொரு பக்கம் எதில் சேரும்? இதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், 2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. 40 வயது வரை உள்ள 7 கோடி பேருக்குப் பரிசோதனை, 2047-க்குள் ஒழிப்பு என்பது இலக்கு. பரிசோதனை செய்தவர்களுக்கு அட்டை. மாப்பிள்ளை, பெண் இருவரின் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது யோசனை.

பரிசோதனை கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை வலி வருவதைக் குறைக்கும். யாருக்கு வேண்டும் என்று தெரிந்தால்தானே கொடுக்க முடியும்? பயம் அட்டையைப் பற்றித்தான். கேரியர் நோயாளி இல்லை. ஆனால் கல்யாணப் பேச்சில் அட்டையைப் பார்ப்பவருக்கு யார் அதை விளக்குவது? முகாம் போட்டுவிட்டு சாயங்காலம் ஜீப் ஏறிப் போகிறவரால் முடியாது. அதே ஊரில் பிறந்து, பணிய மொழியில் அத்தை, மாமாவிடம் உட்கார்ந்து பேசக்கூடிய ஒரு நர்சால் முடியும்.

ஒருவருக்குக் கண்டுபிடித்தால் குடும்பம் முழுக்கப் போக வேண்டும்: அண்ணன், தங்கை, சித்தப்பா பிள்ளைகள். அதாவது வம்சாவளி வரைய வேண்டும். வேடிக்கை என்னவென்றால், வம்சாவளி வரைவதை ஒரு ஆய்வு முறையாகவே வளர்த்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02-ல் தொதவர்களிடம் வந்தது இதே மலைக்குத்தான். 1906-ல் புத்தகமும் போட்டார். அன்றைக்கு அந்த மரம் கேம்பிரிட்ஜ்காரருக்கு உதவியது. இன்றைக்கு அது மருந்து யாருக்குத் தேவை என்று சொல்லும் கருவி.

அந்த மரம் கம்ப்யூட்டரில் ஏறும்போது யார் கையில் இருக்கும்? நம்ம டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதே 2023-ல் வந்ததுதான். அதில் உரிமை தனி ஆளுக்கு. ஊருக்கோ சங்கத்துக்கோ ஒரு உரிமையும் கிடையாது. ஆனால் ஒரு பெண் "சரி" என்று கையெழுத்துப் போட்டால் அவள் தங்கையைப் பற்றியும் பாதி சொல்லிவிடுகிறாள். மரபணுத் தகவலின் இயல்பே அது. ஒரு டேபிளில் ஒரு வரியை மட்டும் திறந்து காட்டினாலும் பக்கத்து வரி தெரியும் என்றால், அனுமதியை எந்த இடத்தில் வைப்பது? பிறந்த வீடு மாறும்போது, ஒருவர் "என் பேரை எடுத்துடுங்க" என்று சொல்லும்போது என்ன செய்வது? இதற்கு ஒரு டேபிள் அமைப்பைத் தாளில் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த குறிப்பில் அதைப் படமாகவே போடுகிறேன்.