கடற்பாசியில் கட்டிய சோறு

கிம்பாப் கொரியர்களின் கட்டுச்சோறு. ‘கிம்’ என்றால் தாளாக உலர்த்திய கடற்பாசி. ‘பாப்’ என்றால் சோறு. பாசித் தாளில் சோற்றைப் பரப்பி, இறைச்சி, முட்டை, காய்கறி வைத்துப் பாய்போல் சுருட்டி, வில்லைகளாக நறுக்குவார்கள். தமிழ் வீடுகளிலிருந்து பயணத்துக்குப் புளிச்சோறு போவதுபோல, கொரிய வீடுகளிலிருந்து பள்ளிச் சுற்றுலாவுக்கு இது போகும்.

சிங்கப்பூரில் இதைத் தேடுவோர் தஞ்சோங் பகார் சாலைக்குப் போகிறார்கள். 1864இல் தொடங்கிய தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனத்தால் பெயர் பெற்ற வட்டாரம் அது; துறைமுக வேலைக்கு வந்த தமிழர்களுக்கும் பழகிய இடம். ஒரு காலத்தில் அங்கே கல்யாண உடைக் கடைகள் வரிசையாக இருந்தன. இன்று அந்தப் பழைய கடைவீடுகளில் இறைச்சி வாட்டும் புகை வருகிறது; ‘குட்டிக் கொரியா’ என்ற பட்டப்பெயரும் சேர்ந்துவிட்டது. ஆனாலும் கிம்பாப் அடிப்படையில் வீட்டுச் சமையல்தான். ஒரு சிறு மூங்கில் பாய் இருந்தால் போதும்.

கடற்பாசி என்றதும் தமிழர் பலருக்கு நோன்பு திறக்கும் நேரத்தில் வண்ண வண்ணமாக வெட்டி வைக்கும் இனிப்புதான் நினைவுக்கு வரும். அது அகர் அகர். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி போன்றவற்றைக் காய்ச்சினால் கிடைக்கும் கூழ்ப்பொருள். கிம்மும் சிவப்புப் பாசி வகைதான். ஆனால் குளிர்ந்த கடலில் வளர்வது. குளிர்காலத்தில் அறுத்து, பொடியாக நறுக்கி, காகிதம் செய்வதுபோலவே சட்டத்தில் பரப்பி உலர்த்துகிறார்கள். ஜப்பானியர் இதை நோரி என்பார்கள். ஒரு தாள் ஏறத்தாழ 21 செ.மீ. நீளம், 19 செ.மீ. அகலம், எடை சுமார் 3 கிராம்தான்.

கோடையில் இந்தப் பாசி எங்கே போய் ஒளிகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. சிப்பி ஓட்டுக்குள் நுண்ணிழையாகத் தங்கி வாழ்கிறது என்பதைக் கண்டறிந்து 1949இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார் கேத்லீன் ட்ரூ பேக்கர் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி. அதற்குப் பிறகுதான் விதைத்து வளர்க்கும் பாசிப் பண்ணை உறுதியான தொழிலாயிற்று. அவருக்கு ஜப்பானின் உத்தோ நகரில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

வீட்டில் செய்யும்போது முதலில் கவனிக்க வேண்டியது சோறு. பொன்னியும் பாசுமதியும் உதவாது. உதிர் உதிராக வெந்து, நறுக்கும்போது கொட்டிவிடும். குட்டையான, ஒட்டும் ஜப்பானிய அல்லது கொரிய அரிசி வேண்டும். ஒட்டுகிறதே என்று பலகாரத்துக்கு உரிய புளுட் என்னும் பசையரிசியை எடுக்கக் கூடாது, அது களியாகிவிடும். அரிசிக் குக்கருடன் வரும் கப்பில் இரண்டு கப் அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, அரிசியைவிடச் சற்றே அதிகத் தண்ணீரில் வேகவைத்தால் நான்கு சுருளுக்கு வரும். சூடாக இருக்கும்போதே முக்கால் தேக்கரண்டி உப்பும் ஒரு மேசைக்கரண்டி எள்ளெண்ணெயும் சேர்த்துக் கிளறி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நல்லெண்ணெயை ஊற்றினால் அந்த வாசனை வராது. நல்லெண்ணெய்தான் இருக்கிறது என்றால், வறுத்துப் பொடித்த எள்ளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இறைச்சிக்குக் கொரியர்கள் பெரும்பாலும் மாட்டிறைச்சியோ பன்றித் தொடைக்கறியோ வைப்பார்கள். கோழியும் நன்றாகவே பொருந்தும். எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 300 கிராமை மெல்லிய கீற்றாக அரிந்து, இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, தட்டிய பூண்டு, மிளகு சேர்த்துப் பிசறி, சாறு வற்றும்வரை வதக்க வேண்டும். ஈரம்தான் கிம்பாப்பின் எதிரி. பசலைக்கீரையை வெந்நீரில் போட்டெடுத்துப் பிழிவதும், வெள்ளரிக்கு உப்புப் போட்டு நீர் இறக்குவதும் அதற்காகத்தான். முட்டையைக் கனமான ஆம்லெட்டாக ஊற்றிக் குச்சியாக நறுக்கலாம். மஞ்சள் நிற முள்ளங்கி ஊறுகாய் கடையில் கிடைக்கும்; இனிப்பும் புளிப்புமான அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது.

தாளின் சொரசொரப்பான பக்கம் மேலே தெரிய வேண்டும். அதில் சோற்றை மெல்லிசாகப் பரப்பி, மேல் ஓரத்தில் இரண்டு விரற்கடை வெறுமையாக விடுவார்கள். முதல் முறை செய்பவர்கள் எல்லோரும் சோற்றை அதிகமாக வைக்கிறார்கள். சுருள் வாய் மூடாமல் பிளந்துகொள்கிறது. அடியோரத்தை ஒட்டிப் பண்டங்களை அடுக்கி, பாயைத் தூக்கி அவற்றுக்கு மேல் ஒரே மடிப்பாகக் கவிழ்த்து இறுக்கி, பிறகு உருட்டிச் செல்ல வேண்டும். மேலே எள்ளெண்ணெய் தடவி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து, நனைத்த கூரிய கத்தியால் வெட்டினால் தாள் கிழியாது.

பாயில் சுருட்ட வராதவர்களுக்கு ஹவாயின் முசுபி இருக்கிறது. வாட்டிய லஞ்சன் மீட் துண்டைச் சோற்றுக் கட்டியின்மேல் வைத்துப் பாசிப் பட்டையால் கட்டுவது. அந்த இறைச்சி வந்த தகர டப்பாவே அச்சு. சிங்கப்பூரில் ஹலால் கோழி லஞ்சன் மீட் எளிதில் கிடைக்கிறது.

ஜப்பானிய சுஷிச் சோற்றில் வினிகர் உண்டு. கிம்பாப்பில் பொதுவாக இல்லை. எனவே சிங்கப்பூர்ச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. கொரியாவின் சுங்மு துறைமுகத்தார் இதற்கு வேறு வழி கண்டார்கள்: வெறும் சோற்றை மட்டும் பாசியில் சுற்றி, காரமான கணவாயையும் முள்ளங்கியையும் தனியே கொடுத்தனுப்பினார்கள். படகில் போனவர்களுக்கு உணவு கெடவில்லை.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சோறு விறைத்துவிடும். மறுநாள் அந்த வில்லைகளை முட்டையில் தோய்த்துத் தோசைக்கல்லில் பொரித்துத் தின்பது கொரிய வீட்டு வழக்கம். சுருளின் இரு முனைகளில் இறைச்சியும் கீரையும் பிதுங்கி நிற்கும் கோணல் துண்டுகள் பெரும்பாலும் தட்டுக்கு வருவதேயில்லை. நறுக்குபவரே அடுப்படியில் தின்றுவிடுகிறார்.