கதைக்கு உயிர் தரும் முரண்

சிறுகதை எழுதும் ஆர்வமுடைய மாணவர் சிலர் தம் கையெழுத்துப் படிகளை நம்மிடம் கொணர்ந்து தருவதுண்டு. நடை நன்றாகவே இருக்கும், வருணனைக்கும் குறைவிராது, எனினும் இரண்டாம் பக்கம் புரளுமுன் கொட்டாவி வந்துவிடுகிறது. காரணத்தை ஆராயின், அக்கதைகளிற் சண்டை உண்டு, முரண் இல்லை என்பது புலனாகும். கொடிய மாமியார், கருமியான மிராசுதார், குடிகாரக் கணவன் என்போருள் ஒருவர் நல்லார் ஒருவரைத் துன்புறுத்துவர், நல்லார் பொறுப்பர், ஈற்றில் தீயவர் மனந்திரும்புவர், அன்றேல் மாண்டொழிவர். தீர்ப்பை முதல் வரியிலேயே எழுதிவிட்ட பின்னர் வழக்கைக் கேட்க எவர் அமர்ந்திருப்பார்?

சண்டையில் நியாயம் ஒரு பக்கம், அநியாயம் மறுபக்கம். முரணிலோ இரு பக்கமும் நியாயம் நிற்கும்; இரண்டும் ஒருங்கே நிறைவேற வழியிராது. கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸ் இயற்றிய ‘ஆண்டிகனி’யில், இறந்த உடன்பிறந்தானை அடக்கம் செய்வது தங்கையின் கடன், நகரின்மேற் படையெடுத்து வந்தவனை அடக்கம் செய்தல் ஆகாது என்பது அரசன் ஆணை. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெகல் அந்நாடகத்தைப் பெரிதும் போற்றியது இதுபற்றியே. அத்துணைத் தொலைவு போவானேன்? கும்பகருணனும் வீடணனும் நம்மிடத்தே உளர். தமையன் செய்தது தவறென்பதை இருவரும் அறிவர். ஒருவன் அறத்தைத் தேடிப் போகிறான். மற்றவன் உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுக்கிறான். போர்க்களத்தில் இருவரையும் கம்பர் சந்திக்க வைத்துப் பேசவிடும் இடத்தில், நாம் எவன் பக்கம் நிற்பது என்றறியாது திகைக்கிறோம். அத்திகைப்பே கதையின் உயிர்.

இவையெல்லாம் அரசர் கதைகள், நம் தெருவில் இத்தகைய முரணுக்கு எங்கே போவது என்று மாணவர் வினவலாம். பேசின் பிரிட்ஜுக்குப் போகலாம் என்பது நம் விடை. சென்ட்ரலிலிருந்து புறப்படும் வண்டி அங்கே வந்ததும் இருப்புப்பாதை பிரியும். ஒரு கிளை கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாக வடக்கே கூடூர் செல்லும். மற்றொன்று வியாசர்பாடி, பெரம்பூர் வழியாக மேற்கே அரக்கோணம் செல்லும். அம்மேற்குப் பாதையை அடுத்துப் புளியந்தோப்பு இருக்கிறது. அதற்கப்பால், பின்னி ஆலைகள் என்று மக்கள் வழங்கிய பக்கிங்காம், கர்நாடிக் நூற்பு நெசவாலைகள் இருந்தன. 1996இல் அவை மூடப்பட்டுவிட்டன. ஆயினும் 1921இல் அவற்றின் வாயிலில் நிகழ்ந்ததைக் கதை எழுத விரும்புவோர் ஒவ்வொருவரும் அறிதல் நன்று.

1918 ஏப்ரல் 27ஆம் நாள், செல்வபதி செட்டியார், இராமாநுசலு நாயுடு என்னும் இருவரின் முயற்சியாற் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவரானார், திரு.வி.க. அதனோடு இரண்டறக் கலந்து உழைத்தார். 1921 மே மாதத்திற் கர்நாடிக் ஆலையில் வேலை நின்றது. ஜூனிற் பக்கிங்காம் ஆலையினரும் சேர்ந்தனர். ஆனால் ஆதி திராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர், எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே, ஆதி திராவிடர் உள்ளே என்று ஆலைமக்கள் இரண்டாகப் பிளந்தனர். ஜூன் இறுதியிற் புளியந்தோப்புச் சேரியிற் குடிசைகள் தீப்பற்றி எரிந்தன. ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் போயின.

இதை எழுதப் புகும் இளைஞர் முதலிற் செய்யும் வேலை, ஒருவனைக் கருங்காலி ஆக்குவது. சங்கத்தை வெறுப்பவராயின், வேலைநிறுத்தக்காரனைத் தீவைக்கும் வெறியன் ஆக்குவது. இரண்டும் எளிது, இரண்டும் பொய். வெளியே நின்றவனின் நியாயத்தைக் கேளுங்கள்: ஒருவர் உள்ளே போனால் எல்லாருடைய பட்டினியும் வீணாகும், ஆலை முதலாளி எதிர்பார்ப்பதும் அதுவே. உள்ளே போனவனின் நியாயத்தையும் கேளுங்கள்: சில மாதங்களுக்கு முன்னர் முடிந்த வேறொரு வேலைநிறுத்தத்தின் பசி இன்னும் அவன் வீட்டை விட்டுப் போகவில்லை, கிராமத்தின் பண்ணையடிமையிலிருந்து அவனை மீட்ட வாயில் இந்த ஆலை, ‘தோழனே’ என்று இன்று அழைப்பவன் நேற்றுவரை அவனைத் திண்ணையில் ஏற்றியதில்லை. முதற்கூற்றைப் படிக்கும்போது அதுவே சரியென்று தோன்றுகிறது. இரண்டாவதைப் படித்ததும் நெஞ்சு தடுமாறுகிறது. முரண் கிடைத்துவிட்டது.

இனி இதைக் கதையாக்கும் வகையைச் சிறிது பார்ப்போம். ‘தொழிலாளர்’, ‘சமூகம்’ என்னும் பெருஞ்சொற்களைக் கொண்டு கதை நடவாது. இரண்டு ஆட்கள் வேண்டும். ஒரே பகுதியில் அடுத்தடுத்த இயந்திரங்களில் நிற்பவர் இருவர் என்று கற்பித்துக் கொள்வோம். முந்திய வேலைநிறுத்தத்தில், தெருக்காரன் தன் வீட்டு நொய்யரிசியிற் பாதியைச் சேரிக்காரனுக்குக் கொடுத்தான். ஆனால் அதை வாசற்படிக்கு வெளியே நிறுத்தியே கொடுத்தான். இந்த ஒரு செய்தியிற் கடனும் அவமானமும் ஒருங்கே இருத்தலைக் காண்க. அரிசியை மறந்தால் நன்றிகேடு. வாசற்படியை மறந்தால் மானக்கேடு. இவனுக்குள்ளேயே போர் மூண்டுவிட்டது. வெளியிற் கல் எறிபடுவது பின்னர்தான்.

இருவரையும் பிரிந்து போகவொட்டாமற் கட்டுதலும் வேண்டும். மனம் கசந்தவன் மூட்டை கட்டிக்கொண்டு மதுரைக்குப் போகக்கூடுமாயின் கதை அன்றோடு தீர்ந்தது. புளியந்தோப்பில் அது முடியாது. ஆலைக்குப் போகும் சந்து ஒன்றே. விடியற்காலையில் அதன் முனையிற் காவல் நிற்பவன் தெருக்காரன், அதன் வழியே வரவேண்டியவன் சேரிக்காரன்.

அவர்கள் வேண்டுவதும் சிறிதாய், கைக்கு அகப்படுவதாய் இருத்தல் நலம். “இன்று ஒரு நாள் போகாதே” என்கிறான் அவன். “இன்று போனாற்றான் கடைக்காரன் கடன் கொடுப்பான், அண்ணே” என்கிறான் இவன். புதுமைப்பித்தனின் ‘பொன்னகர’த்தைப் படித்தவர் இதன் வலிமையை உணர்வர். ஆலையில் வேலை செய்யும் அம்மாளுக்கு அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வார்க்க வேண்டும் என்பதன்றி வேறு இலட்சியம் இல்லை. கற்பு என்னும் பெரிய சொல்லும் அக்கஞ்சியும் ஓரிருட் சந்தில் மோதிக்கொள்கின்றன. கஞ்சிக்குப் பதிலாக ‘வறுமை ஒழிப்பு’ என்று ஆசிரியர் எழுதியிருப்பின் அக்கதையை இன்று எவரும் நினைத்திரார்.

ஒவ்வொரு நிகழ்ச்சியும் திரும்பிப் போகும் வழியொன்றை அடைத்துக்கொண்டே வரவேண்டும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இடையில் ரங்கூனிலிருந்து பணக்கார மாமனை மட்டும் வரவழைத்துவிட வேண்டா. பழைய பத்திரிகைக் கதைகளில் அம்மாமன் இறங்கிய கப்பல்களை எண்ணினால் சென்னைத் துறைமுகம் இடங்கொள்ளாது! தற்செயல் ஒருவனைச் சிக்கலில் மாட்டிவிடலாம். சிக்கலினின்று விடுவித்தல் மட்டும் அதன் வேலையன்று.

இவற்றினும் அரியது ஒன்றுண்டு. எழுதுபவர் எவரும் ஒரு பக்கம் சாய்ந்தவரே, சாய்தல் குற்றமன்று. நாம் எவனை மறுக்கின்றோமோ அவன் வாயில் நம்மால் விடைகூற இயலாத வாதத்தை வைத்தல் வேண்டும். வடசென்னை மாணவருக்கு இது வெறும் இலக்கணமன்று. அவ்விரு கூட்டத்தார் வழிவந்தோரும் இன்றும் அப்பகுதியில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஒரு பக்கத்தை மட்டும் பேசவிட்டு எழுதும் கதை, மற்றவர் பாட்டனை மறுமுறையும் வாயடைக்கும்.

அவ்வேலைநிறுத்தம் அக்டோபரிற் சங்கத்தின் தோல்வியாய் முடிந்தது. வெளியே நின்றவர் பலர், வேலை கிடைத்த அளவில், தலைகுனிந்து ஆலைக்குத் திரும்பினர். நம் இருவரும் மீண்டும் அடுத்தடுத்த இயந்திரங்களில் நிற்கின்றனர். சேரிக்காரன் வீடு எரிந்திருக்கிறது, தெருக்காரன் வீட்டில் அரிசிப் பானை காலியாயிருக்கிறது. நண்பகற் சங்கு ஊதுகிறது. சேரிக்காரன் தன் சோற்று மூட்டையை அவிழ்க்கிறான். மாணவர் விரும்பினால், கதையை இங்கிருந்தே தொடங்கலாம்.