எச்சரிக்கை லயம் வரை வர வேண்டும்

மூணாறை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு, பத்தே முக்கால் மணியளவில் மலை சரிந்தது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் உறங்கிய நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் மாண்டனர்; நால்வரின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. பெரும்பாலோர் தமிழர்கள், பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் சேதி எட்டியது. 2018 வெள்ளத்தில் போன பெரியவரைப் பாலத்துக்குப் பதிலாகப் போட்டிருந்த தற்காலிகப் பாலமும் பழுதாகி, மீட்பு வண்டிகள் தடைபட்டன.

வெளியிலிருந்து உதவி வரும் வரை அங்கே யார் இருப்பார்கள்? பஞ்சாயத்து ஊழியர், வார்டு மெம்பர், ஆஷா பணியாளர், தோட்டத்து சூப்பர்வைசர். இவர்களில் பஞ்சாயத்து ஊழியருக்குப் பயிற்சி தருவது சலுகை அல்ல. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 41ஆம் பிரிவில், உள்ளாட்சி அமைப்பின் கடமையாகவே இதை வைத்திருக்கிறது.

கேரளத்தில் இது சூடு பிடித்தது 2018 வெள்ளத்துக்குப் பிறகுதான். திருச்சூர் அருகே முளங்குந்நத்துக்காவில் உள்ள ‘கிலா’ பயிற்சி நிலையமும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் முன்னின்று, பஞ்சாயத்துதோறும் ஒரு பேரிடர் திட்டம் எழுத வைத்தன. எச்சரிக்கை கொடுக்க, தேடி மீட்க, முதலுதவி செய்ய, முகாம் நடத்த எனக் குழுக்கள். வார்டில் படுத்த படுக்கையாக இருப்பவர் யார், கர்ப்பிணிகள் எத்தனை பேர், முகாமாகும் பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். (சாவிக்காரர் ஊருக்குப் போயிருந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதி வைப்பது நல்லது!)

24 மணி நேரத்தில் 20.4 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அது அதி கனமழை; அதற்குச் சிவப்பு எச்சரிக்கை. தேயிலைத் தோட்டங்களில் மழைமானி வைத்து அன்றாட மழையைக் குறிப்பது பழைய வழக்கம். அந்தக் கணக்கு அன்றன்றே பஞ்சாயத்துக்குப் போனால், மாவட்டத்துக்குப் பொதுவாக வரும் எச்சரிக்கையை விட அது லயத்துக்கு நெருக்கமானது.

எந்த மொழியில்?

‘உருள்பொட்டல்’ என்றால் மூணாறில் பிறந்து வளர்ந்த தமிழருக்குப் புரியும். போன மாதம் வந்தவருக்கு நிலச்சரிவு என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது லயங்களில் அஸ்ஸாம், ஜார்க்கண்ட் ஆட்களும் இருக்கிறார்கள்; அவர்களுக்குத் தமிழும் போதாது. பயிற்சி வகுப்பு மலையாளத்தில் நடப்பதில் குறையில்லை. ஆனால் நடுநிசியில் கதவைத் தட்டுபவர் வீட்டுக்காரரின் மொழியில் நாலு வார்த்தை சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டாமா?

பாலக்காடு மாவட்டத்திலும் இதே கதைதான். தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் நெல்லியாம்பதிக்கு ஏறும் சாலை 2018 ஆகஸ்டில் மண்சரிவால் துண்டிக்கப்பட்டு, மலை தனித்துக் கிடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் மேலே இருப்பவர்களே மீட்புப் படை.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் தரப்பட வேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. தங்கள் லயத்துக்கு எந்தப் பள்ளிக்கூடம் முகாம், அதற்கு எந்த வழி என்று மழைக்கு முன்பே தாலுகா அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கேட்கலாம்.