எரியும் பனிக்கட்டி

தீக்குச்சியைக் காட்டினால் எரியும் பனிக்கட்டி ஒன்று உண்டு. அதன் பெயர் மீத்தேன் ஹைட்ரேட். ஆழ்கடலடியின் குளிரிலும் அழுத்தத்திலும் நீர் மூலக்கூறுகள் கூடுபோல் இணைய, மீத்தேன் வாயு அதனுள் அடைபடுகிறது. 1 கன மீட்டர் கட்டியில் ஏறத்தாழ 160 கன மீட்டர் வாயு அடங்கும்! 2006ஆம் ஆண்டு 'ஜாய்டீஸ் ரெசல்யூஷன்' என்னும் கப்பல், ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் துளையிட்டு இதனைக் கண்டறிந்தது.

கட்டியை உருக்கி வாயுவை எடுத்தால் கூடு குலையும். அது பிணைத்துவைத்திருந்த கடலடி மண்ணும் சரியக்கூடும். ஆகவே அறிஞர் வேறு வழியை நாடினர். ஆலைகள் உமிழும் கரியமில வாயுவை உட்செலுத்தினால், அது மீத்தேனை வெளியேற்றிவிட்டு அக்கூட்டில் தானே குடியேறும். அக்குளிரில் கரியமில வாயுவைக் கொண்ட கூடே மிக உறுதியானது. எரிபொருளும் கிடைக்கும், மண்ணும் நிலைக்கும்.

2012இல் அலாஸ்காவில் இதனைச் சோதித்தனர். கடலடியில் அன்று, உறைநிலத்தின் கீழ். நைட்ரஜன் கலந்த கரியமில வாயுவைச் செலுத்த, மீத்தேன் வெளிவந்தது. ஆயினும் இம்மாற்றம் மிக மெல்ல நிகழ்வது. கட்டியின் மேல் புதிதாய்ப் படியும் படலமே பின்வரும் வாயுவைத் தடுத்துவிடுகிறது. மேலும், பெற்ற மீத்தேனை எரித்தால் மீண்டும் கரியமில வாயுவே பிறக்கும். அதனையும் பிடித்துக் கடலடிக்கே அனுப்பியாக வேண்டும்.