கடமைக்கு வர இயலாது என்று எப்போது அறிவிப்பது?
தாதியருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்குமான விளக்கம்

நமது மாநகர எல்லைக்குள் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மருத்துவமனையிலோ முதியோர் பராமரிப்பு இல்லத்திலோ கடமையாற்றும் தாதி ஒருவர் இருக்கிறார். காலைக் கடமைக்காக 5 மணிக்கு எழும்போது அவருக்குக் காய்ச்சலோ வயிற்றோட்டமோ கண்டிருந்தால், அடுத்த சில நிமிடங்களில் அவர் ஒரு முடிவுக்கு வர வேண்டியுள்ளது. ஏனைய தொழில்களில் இத்தகைய முடிவு பெரும்பாலும் வேலையையும் ஊதியத்தையும் மட்டுமே பாதிக்கும். தாதியரைப் பொறுத்தவரை, படுக்கையில் இருக்கும் வேறொருவரின் உடல்நிலையும் அம்முடிவைப் பொறுத்திருக்கிறது.

நம்மவர்களிடையே இதற்கு வழக்கமாகக் கையாளப்படும் அளவுகோல் ஒன்று உண்டு: எழுந்து நடக்க முடிகிறதா? முடிந்தால் இரண்டு பனடோல் மாத்திரைகளை விழுங்கிவிட்டுப் புறப்பட்டுவிடுவது. இந்த அளவுகோல் போதுமானதன்று. எட்டு அல்லது பத்து மணி நேரக் கடமையின் இறுதி வரையில், மருந்தின் அளவைச் சரியாகக் கணக்கிடவும், நோயாளரிடம் தோன்றும் சிறு மாற்றத்தைக் கவனிக்கவும், எவருக்கும் நோயைக் கொண்டுசெல்லாமல் இருக்கவும் என்னால் இயலுமா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

சில நோய்களைப் பொறுத்தவரை இதில் யோசிக்க இடமே இல்லை. வாந்தி அல்லது வயிற்றோட்டம் ஏற்பட்டிருப்பின், அது முற்றாக நின்ற பின்னரும் 48 மணி நேரம் கடமைக்குச் செல்லலாகாது. ‘இப்போது சரியாகிவிட்டது’ என்று மறுநாளே செல்வதால்தான் நோரோ வைரஸ் ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்கும், முதியோர் இல்லமொன்றின் எல்லா அறைகளுக்கும் பரவுகிறது. இன்புளுவென்சா கண்டவர், அறிகுறிகள் தோன்றுவதற்கு முதல் நாளிலிருந்தே ஏறத்தாழ ஒரு வாரம் வரை பிறருக்கு அதைத் தொற்றச் செய்யக்கூடியவர். பனடோல் காய்ச்சலைத் தணிக்குமே தவிர, தொற்றைத் தடுக்காது. கண்நோய் கண்டவர், கண்ணிலிருந்து கசிவு நிற்கும் வரை வீட்டில் இருக்க வேண்டும். உதட்டோரத்தில் கொப்புளம் தோன்றினால் பொதுவாக வேலை செய்யலாம். ஆயினும் பச்சிளங் குழந்தைகளையும், தீக்காயமடைந்தவர்களையும், நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்களையும் பராமரிக்கலாகாது. அவ்வேளையில் விடுமுறை எடுப்பதற்குப் பதிலாக, வேறு விடுதிக்கு மாற்றும்படி பொறுப்புத் தாதியைக் கேட்கலாம். கோவிட் தொடர்பான விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், உங்கள் பணியிடத்தின் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவு கூறுவதையே பின்பற்றுங்கள்.

தொற்றாத நோய்கள் பற்றி முடிவெடுப்பதே கடினம். முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, உறக்கமின்மை ஆகியவற்றை வெளியே எவரும் காண்பதில்லை. ‘இதற்கெல்லாம் விடுமுறையா’ என்ற எண்ணம் நமக்கே எழுகிறது. உறக்கமின்மையைப் பற்றி ஓர் ஆய்வு கூறுவதை இங்கே குறிப்பிட வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கும் ஒருவரின் செயற்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறது என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விக்டோரியாவில் முழு உரிமம் பெற்ற வாகன ஓட்டிகளுக்கான சட்ட வரம்பும் அதே 0.05தான். நோயுற்ற குழந்தையுடன் பகலெல்லாம் விழித்திருந்துவிட்டு இரவுக் கடமைக்குப் புறப்படும் தாய் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். உறக்கம் வருவிக்கும் சளி மருந்துகளும், கடும் வலிக்கான மாத்திரைகளும் இதே வகையைச் சேர்ந்தவை. அவற்றை உட்கொண்டு வாகனம் ஓட்டக்கூடாது என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தால், அதே நிலையில் இன்சுலின் ஏற்றுவதும் கூடாது.

‘நான் போகாவிட்டால் மற்றவர்கள் என்னுடைய வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டிவரும்’ என்பது அடுத்த தடை. இந்த உணர்வு மதிப்புக்குரியது. ஆனால் வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு நிறுவனத்தினுடையதே தவிர, நோயுற்ற தாதியினுடையதன்று. விக்டோரியா மாநிலத்தில் 2015ஆம் ஆண்டின் சட்டம், அரச மருத்துவமனைகளில் எத்தனை நோயாளருக்கு எத்தனை தாதியர் இருக்க வேண்டும் என வரையறுக்கிறது. முதல் நிலைப் பெரிய மருத்துவமனைகளின் பொது மருத்துவ, அறுவைச் சிகிச்சை விடுதிகளில் காலையிலும் பிற்பகலிலும் 4 நோயாளருக்கு ஒரு தாதியும் இவர்களுக்கு மேலாகப் பொறுப்புத் தாதி ஒருவரும், இரவில் 8 நோயாளருக்கு ஒரு தாதி. இந்த விகிதத்தைப் பேண வேண்டியது மருத்துவமனை நிர்வாகம். நீங்கள் செய்யக்கூடிய பேருதவி, முடிவை விரைந்து எடுத்து, இயன்றளவு முன்னதாகவே தொலைபேசியில் அறிவிப்பதாகும். காலை 5 மணிக்கு அறிவித்தால் மாற்றாள் ஒருவரைத் தேட நேரம் கிடைக்கும். பணி தொடங்கி ஒரு மணி நேரத்தின் பின் ‘முடியவில்லை’ என்று திரும்பினால், அந்த விடுதி நாள் முழுவதும் ஆளின்றித் தவிக்கும். முதல் நாள் மாலையிலேயே உடல்நிலை மோசமாவது தெரிந்தால், அப்போதே சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

அறிவிக்கும்போது நோயின் விவரங்களை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பெயர், பணிபுரியும் விடுதி, எந்தக் கடமைக்கு வர இயலாது, எப்போது திரும்பக்கூடும் என்பன போதும். தொற்றுநோயாயின் அதை மட்டும் கட்டாயம் குறிப்பிடுங்கள். முந்தைய நாள் உங்களுடன் இருந்தவர்களைப் பாதுகாக்க அது உதவும். குறுஞ்செய்தி அனுப்புவதை ஏற்கும் பணியிடங்களும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. யாரிடம், எவ்வழியில் அறிவிக்க வேண்டும் என்பதை நலமாக இருக்கும் நாளிலேயே கேட்டு, அந்த இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்துவைப்பது நன்று.

இனி ஊதியம் பற்றி. 2009ஆம் ஆண்டின் நியாயமான வேலைச் சட்டத்தின்படி, முழுநேரப் பணியாளர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் ஊதியத்துடன் கூடிய சுகயீன, பராமரிப்பு விடுமுறை உண்டு. பகுதிநேரப் பணியாளருக்கு வேலை நேரத்துக்கேற்ற விகிதத்தில் அது கிடைக்கும். பயன்படுத்தாத நாட்கள் அடுத்த ஆண்டுகளுக்குச் சேரும். வாரம் 38 மணி நேரம் பணிபுரிபவருக்கு இந்த 10 நாட்கள் என்பது 76 மணி நேரம் என உயர் நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. ஆகவே 10 மணி நேர இரவுக் கடமையொன்றைத் தவறவிட்டால் கணக்கிலிருந்து 10 மணி நேரம் குறையும். சட்டத்தின் அடிப்படை விதிப்படி விடுமுறை நாளுக்கு அடிப்படை ஊதிய வீதமே கிடைக்கும். இரவு, வார இறுதி நாட்களுக்கான மேலதிகப் படிகள் சேரமாட்டா. உங்கள் பணியிட ஒப்பந்தம் இதைவிடக் கூடுதலாக வழங்கக்கூடும் என்பதால் அதையும் படித்துப் பாருங்கள்.

இந்தப் பாதுகாப்பு கஷுவல் பணியாளருக்கு இல்லை. முகவர் நிலையங்கள் ஊடாகக் கடமைக்குச் செல்லும் நம்மவர் பலர் இந்நிலையிலேயே உள்ளனர். விடுமுறைகளுக்கு ஈடாகவே அவர்களுடைய மணிநேர ஊதியத்துடன் 25 சதவீத மேலதிகம் சேர்க்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அது நாளாந்தச் செலவில் கரைந்துவிட, காய்ச்சல் வரும் நாளில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதில் ஒரு சிறு பகுதியையேனும் தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்க இயலுமாயின், அந்நாளின் முடிவை வறுமை தீர்மானிக்காது. ஒரே நிறுவனத்தில் 6 மாதங்கள் ஒழுங்காகப் பணிபுரிந்த கஷுவல் பணியாளர், தம்மை நிரந்தரப் பணியாளராக மாற்றும்படி எழுத்தில் கோரும் வழியும் 2024 ஆகஸ்ட் மாதத்திலிருந்து விரிவாக்கப்பட்டுள்ளது; சிறு நிறுவனங்களில் அக்காலம் 12 மாதங்கள்.

ஒரு நாள் விடுமுறைக்குக்கூடத் தொழில் வழங்குநர் சான்று கேட்கலாம். குடும்ப மருத்துவரிடம் உடனே நேரம் கிடைக்காவிடில், சிறு சுகயீனங்களுக்கு மருந்தாளரிடமும் சான்றிதழ் பெறலாம். சட்டபூர்வ உறுதிக்கூற்று ஒன்றும் ஏற்கப்படும். (மத்திய அரசின் உறுதிக்கூற்றுக்குச் சாட்சியாகக் கையொப்பமிடத் தகுதியுள்ளோர் பட்டியலில் தாதியரும் உள்ளனர் என்பது நம் தாதியரே பெரும்பாலும் அறியாத செய்தி.) சான்றிதழில் நோயின் பெயர் இருக்க வேண்டிய கட்டாயமில்லை; வேலை செய்ய இயலாத நாட்கள் குறிக்கப்பட்டிருந்தால் போதும்.

பிள்ளையோ, துணைவரோ, பெற்றோரோ, மாமனார் மாமியாரோ நோயுற்று உங்கள் பராமரிப்பு தேவைப்பட்டாலும் இதே விடுமுறையை எடுக்கலாம். கஷுவல் பணியாளருக்கும் இவ்வாறான ஒவ்வொரு தடவையும் ஊதியமற்ற 2 நாட்கள் உண்டு.

எமது தகவல் மேசைக்கு வருவோரிடம் இரண்டு அச்சங்கள் அடிக்கடி வெளிப்படுகின்றன. முதலாவது விசா பற்றியது. தொழில் வழங்குநரின் அனுசரணையில் வந்தவர்களுக்கும் ஏனைய பணியாளருக்குள்ள அதே விடுமுறை உரிமை உண்டு. சட்டப்படி சுகயீன விடுமுறை எடுப்பது வேலையை விட்டதாகக் கொள்ளப்படமாட்டாது. சுகயீனத்தால் தற்காலிகமாக வராமல் இருந்ததைக் காரணமாக்கிப் பணிநீக்கம் செய்வதையும் சட்டம் தடுக்கிறது. சுகயீனத்தால் வராமலிருந்த காலம் 12 மாதங்களுக்குள் 3 மாதங்களைத் தாண்டி, அதில் ஊதியமற்ற விடுமுறையும் இருக்கும்போது மட்டும் இப்பாதுகாப்பு குறையும்.

இரண்டாவது, பதிவு பற்றியது. காய்ச்சலுக்கும் முதுகுவலிக்கும் விடுமுறை எடுப்பவரைப் பற்றிப் பதிவு அதிகாரசபைக்கு எவரும் அறிவிப்பதில்லை. 2018 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த தாதியர் நடத்தைக் கோவை, தன் உடல்நலத்தையும் மனநலத்தையும் பேணுவதைத் தாதியின் கடமைகளுள் ஒன்றாகவே வகுத்துள்ளது. மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் இது பொருந்தும். அவற்றுக்காக எடுக்கும் விடுமுறையும் சுகயீன விடுமுறையே. ‘வயிற்றுவலி’ என்று வேறு பெயர் சூட்டிக்கொண்டு பல மாதங்களைக் கடத்துவதைவிட, மருத்துவர் ஒருவரிடம் உள்ளதைச் சொல்வது உங்களுக்கும் நோயாளருக்கும் பாதுகாப்பானது. தாதியருக்கும் மருத்துவிச்சியருக்கும் மட்டுமேயான இலவச, இரகசிய ஆதரவுச் சேவை 1800 667 877 என்ற இலக்கத்தில் 24 மணி நேரமும் இயங்குகிறது.

பணியிடத்திலேயே தொற்றிய நோய், நோயாளரைத் தூக்கும்போது ஏற்பட்ட காயம், ஊசி குத்திய சம்பவம் ஆகியவற்றுக்கு உங்கள் சுகயீன விடுமுறையைச் செலவிட்டுவிட்டு அமைதியாக இருந்துவிடாதீர்கள். அவற்றைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தொழில் வழங்குநருக்கு எழுத்தில் அறிவித்தால், விக்டோரியாவின் தொழிலாளர் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வழியுண்டு.

ஊதியமோ விடுமுறையோ மறுக்கப்பட்டால் நியாயமான வேலைக் குறைகேள் அதிகாரியை 13 13 94 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். தமிழில் உரையாட விரும்புவோர் முதலில் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, ‘தமிழ்’ என்று கூறி, அந்த இலக்கத்துக்கு இணைக்கும்படி கேட்கலாம்.